முருகனுக்கு நேர்ந்த தேங்காயும் டீச்சர் வீட்டுத் தரையும்

ஐம்பத்து நான்கு வயதில், அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் நான், வாடகை வீட்டுச் சமையலறைத் தரையில் ஒரு தேங்காயை முழுப் பலத்தோடு ஓங்கி அடித்தேன். தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

நேர்ந்துகொண்டதே அந்த வீட்டுக்காகத்தான். ஜார்ஜ்டவுனில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிவதாக இருந்தது. நீட்டித்துத் தருவதா வேண்டாமா என்று வீட்டுக்காரம்மா யோசித்துக்கொண்டிருந்தார். என் மனைவிக்கோ அந்தச் சமையலறை ஜன்னலை விட்டு வர மனமில்லை. வீடு நிலைத்தால் தைப்பூச ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவசரத்தில் முன்பணம் போல முதலிலேயே உடைப்பதாக முருகனிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். அன்றைக்கென்று தூங்கிப்போனேன். தெருவுக்கு ஓடியபோது ரதம் தாண்டிவிட்டது. மற்றவர்கள் உடைத்த சில்லுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

சரி, வீட்டிலேயே உடைத்துவிடலாம் என்று திரும்பினேன்; சாமி படம் சமையலறையில்தான் இருக்கிறது. பாராங் கத்தியின் முதுகால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும் என்றாள் மனைவி. தெருவில் எல்லாரும் ஓங்கித்தானே அடிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. தெரு தார் போட்டது என்பது தோன்றவில்லை. பூப்போட்ட பழைய தரை ஓடு நாலாகப் பிளந்தது. தேங்காய் உருண்டுபோய் அடுப்படியில் நின்றது.

வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கத்தோலிக்கர், தீவின் மறுகோடியில் பாலிக் புலாவில் மகளோடு இருக்கிறார். அந்த ஓடுகள் தன் அப்பா பார்த்துப் பார்த்துப் பதித்தவை என்று முதல் நாளே சொல்லியிருந்தார். டீச்சருக்கு வாட்ஸாப்பில் தகவல் சொல்வது மரியாதையில்லை என்று கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

'எதிர்பாராத விபத்து' என்று எழுதி அடித்தேன். உடைக்கத்தானே ஓங்கினேன்? 'கைதவறி' என்று எழுதி அதையும் அடித்தேன்; கை குறி தவறவே இல்லை. நேர்த்திக்கடனை விளக்கினால், உங்கள் மனம் இரங்குவதற்காக உங்கள் தரையை உடைத்தேன் என்று வருகிறது. விளக்காவிட்டால், காரணமில்லாமல் தேங்காய் எறிகிற ஆளுக்கு யார் வீடு தருவார்கள்? இதில் குற்றவாளி நானா, தேங்காயா, அல்லது படத்தில் சிரித்துக்கொண்டிருப்பவரா என்பதே மூன்றாம் பக்கத்தில் எனக்குக் குழம்பிவிட்டது. நான்காம் பக்கத்தில் 'நேர்ந்துவிட்ட சேதத்துக்கு வருந்துகிறேன்' என்று முடித்து, தபாலில் சேர்த்தேன்.

மூன்று நாள் கழித்து டீச்சரே கூப்பிட்டார்.

"லெட்டர் படிச்சேன் தம்பி. நல்ல தமிழ். நாங்களும் மாதாவுக்கு நேர்ந்துக்கிறவங்கதான், அது புரியுது. ஆனா நாலு பக்கத்துல என்ன உடைஞ்சுதுன்னு மட்டும் எழுதலையே?"

ஓடு என்றேன். எந்த ஓடு என்று கேட்டார். சொன்னேன். என் மனைவி பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தேங்காயை அதற்குள் பாராங் முதுகால் இரண்டே தட்டில் உடைத்து, சட்னியும் அரைத்து முடித்திருந்தாள். அதையும் டீச்சரிடம் ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

"சரி, இன்னும் ரெண்டு வருசம் இருங்க," என்றார் டீச்சர். "கான்ட்ராக்ட்ல ஒரு வரி மட்டும் சேர்க்கிறேன் லா. இனிமே தேங்காயெல்லாம் உங்க வீட்டம்மாதான் உடைக்கணும்."