ஒன்பது வலைகளின் குப்பை

மகளின் பள்ளியிலிருந்து படிவமொன்று வந்திருக்கிறது. வடக்கே ஊசியிலைக் காட்டு ஆய்வு நிலையத்துக்கு இரண்டு நாள் பயணம். துணைக்குப் பெற்றோர் தேவை. "அம்மா, யூ டோன்ட் ஹாவ் டு கம். உங்களுக்கு வேலை இருக்குத்தானே?" என்றாள் மிகுந்த கரிசனையோடு. எனக்குக் கோபம் வரவில்லை. இந்தக் கலையில் நான் அவளுக்கு மூத்தவள். கையெழுத்திட்டுவிட்டேன்.

ஆறாம் வகுப்பில் நானும் எங்கள் அஜின்கோர்ட் பள்ளியிலிருந்து அப்படியொரு காட்டுக்குப் போனேன். துணைக்கு இன்னும் ஓர் ஆள் கிடைக்காவிட்டால் பயணமே இல்லை என்று ஆசிரியை சொல்லிவிட்டார். முன்வந்தவர் என் அம்மா மட்டுந்தான். மார்க்கம் நகரில் ஓர் அலுவலகத்தை மாலையில் துப்புரவு செய்யும் வேலை அவருக்கு. கெஞ்சி இரண்டு நாள் லீவு வாங்கினார். வகுப்பே எனக்கு நன்றி சொன்னது. நானோ அம்மாவுக்குச் சின்னதாய் ஒரு காய்ச்சல் வரட்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டிருந்தேன். பிள்ளையார் வழக்கம்போல அம்மாவின் பக்கம்.

காட்டில், முழங்கால்வரை சப்பாத்துப் போட்ட பெண் ஆய்வாளர் ஒருவர் எங்களை ஸ்புரூஸ் மரங்களின் கீழே நிறுத்தினார். அங்கே கட்டில் உயரத்தில், ஒவ்வொன்றும் நாலு கால்களில் கட்டிய ஒன்பது வலைகள். ஒரு மாதமாக மரங்கள் உதிர்த்ததெல்லாம் அவற்றில் கிடந்தது. நாளைக்கு ஒவ்வொரு வலையையும் தனித்தனியே நிறுக்க வேண்டும், அப்போதுதான் காடு மண்ணுக்கு எவ்வளவு திருப்பிக் கொடுக்கிறது என்று தெரியும், ஆகவே யாரும் தொடாதீர்கள் என்றார்.

"உவ என்ன பிள்ளை சொல்லுறா?" அம்மாவின் குரல் மீன்கடைக்கு ஏற்றது, காட்டுக்கு அதிகம்.

வகுப்புப் பெண்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வயதில் என் தமிழ் வீட்டுக்குள்ளே வெறுங்காலோடு திரிகிற ஒன்று; வாசல் தாண்டாது.

"சும்மா, மரங்களைப் பற்றித்தான்," என்று முணுமுணுத்தேன்.

"அதுக்கே இவ்வளவு நேரம்?"

மதியம் நாங்கள் ஏரிக்கரையில் பாண் தின்றுகொண்டிருந்தபோது அம்மாவைக் காணவில்லை. சும்மா இருந்து பழகாதவர். திரும்பிப் போய்ப் பார்த்தால், ஒன்பது வலைகளும் கழுவிக் கவிழ்த்த கோப்பைகள்போலச் சுத்தமாக இருந்தன. பக்கத்தில் அம்மா, பாராட்டை எதிர்பார்த்த முகத்தோடு.

ஆய்வாளரின் வெளுத்த முகம் இன்னும் வெளுத்தது. ஒரு மாதத்து வேலை. ஆசிரியை என்னிடம் திரும்பினார்: நீ அம்மாவுக்கு விளங்கப்படுத்தவில்லையா? உண்மைக்கும் பொய்க்கும் ஒரேயளவு பயமாக இருந்ததால் நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு ஆசிரியையைப் பார்த்து, தன்னிடமிருந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்தார்: "டோட்டர் டெல். ஐ ஃபர்கெட். சொறி." மகள் சொன்னாளாம், தான்தான் மறந்துவிட்டாராம்.

குப்பையை எங்கே கொட்டினார் என்று கேட்டார் ஆய்வாளர். இதை மட்டும் உடனே மொழிபெயர்த்தேன். அம்மா குனிந்து காட்டினார். அவருடைய கைப்பையில் எப்போதும் முக்கோணமாக மடித்துக் கிடக்கும் ஷொப்பிங் பைகள் இப்போது வயிறு நிரம்பி, ஒவ்வொரு வலைக்கும் அடியில், பின்னங்காலில் ஒவ்வொன்றாகக் கட்டப்பட்டிருந்தன.

"ஒராளின்ரை குப்பையை மற்றாளின்ரையோடை கலக்கக்கூடாது, பிள்ளை. நாளைக்கு வந்து கேட்டால் என்ன செய்யிறது? சொல்லு அவவுக்கு."

அலுவலகத்தில் நாற்பது மேசைகள். யாராவது தவறுதலாக எறிந்த கடுதாசியைத் தேடி வரக்கூடும் என்று, ஒவ்வொரு மேசைக் குப்பையையும் அம்மா ஒரு நாள் தனியே கட்டி வைத்திருப்பார். எழுதி ஒட்டுவதில்லை. எந்தப் பை எந்த மேசையுடையது என்பது மனதிலேயே இருக்கும்.

எல்லோர் முன்னிலையிலும், உரத்து, அம்மா சொன்னதையும் அந்த மேசைக் கதையையும் ஆங்கிலத்தில் சொன்னேன். ஆய்வாளர் ஒரு பையை அவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். தானும் இத்தனை வருடமாகக் குப்பை அள்ளித்தான் சம்பளம் எடுப்பதாக அம்மாவிடம் சொல்லச் சொன்னார்.

"அப்ப, உவைக்கு யூனியன் இருக்கோ எண்டு கேள்."

மறுநாள் அம்மாவும் ஆய்வாளரும் சேர்ந்து பைகளை நிறுத்தார்கள். நடுவில் நின்று, தொண்டை கட்டும்வரை நான் மொழிபெயர்த்தேன். திரும்பிப் பார்த்த அந்த இரண்டு பெண்களும் தராசுக்குப் பைகளைச் சுமந்தார்கள்.

பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து நித்திரையானார். எனக்குப் பெரிய நிம்மதி. நான் ஒன்றுமே சொல்லாததை அம்மா மறந்துவிட்டார். நாற்பது மேசைக் குப்பையைக் கலக்காமல் மனதில் வைத்திருந்த மனுசிக்கு அன்று மத்தியானம் மட்டும் மறதி வந்துவிட்டதென்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.