வளைவு வீட்டு மெரெரிட்

தொண்டர்களே பராமரிக்கும் பழைய நீராவி ரயில் எங்கள் கும் ஹெலிக் ரயில்வே. அதற்கு மெரெரிட் பியூ என்ற அம்மாள் எழுதிய புகார்க் கடிதங்கள் மொத்தம் முப்பத்தெட்டு. எல்லாம் ஒரே புகார்தான். அவர் வீட்டுத் தோட்டத்தை ஒட்டி எங்கள் பாதை வளைந்து போகிறது. கோடையில் ஒரு நாளைக்கு நாலு தரம் ரயில் அந்த வளைவைத் தாண்டும். ஒவ்வொரு தரமும் ஓரிடத்தில் தடாலென்று இறங்கி ஏறும். அந்த நேரத்தில் மெரெரிட்டின் சமையலறை அலமாரி ஆடும். அவருடைய நீலக் கோப்பைகளில் மூன்றுக்கு ஏற்கெனவே காது போய்விட்டது.

கடிதங்கள் வந்தபோதெல்லாம் ஆபீசிலிருந்து பணிவாக ஒரு பதில் போகும். முப்பத்தெட்டாவது கடிதத்துக்கு மட்டும் கெதின் தானே பதில் எழுதினார். கெதின் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், தண்டவாள வேலை செய்யும் எங்கள் தொண்டர் குழுவுக்கு மேஸ்திரி. அவர் எழுதியது இவ்வளவுதான்: "சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வளைவில் இருப்போம். நேரில் வந்து திட்டலாம். டீ உண்டு."

வந்தார். நவம்பர் மாதம், தூறல். முட்டி வரை ரப்பர் பூட்ஸ், தலையில் ஆண்பிள்ளைத் தொப்பி, அறுபத்து மூன்று வயது. கால்நடை மருத்துவரிடம் முப்பது வருடம் உதவியாளராக இருந்தவர். இந்தப் பள்ளத்தாக்கில் பாதிக் கன்றுகளை வெளியே இழுத்த கை அவருடையது.

"யாரு இங்க கெதின்?"

"நான்தாங்க. டீ முதல்ல குடிக்கிறீங்களா, திட்டிட்டுக் குடிக்கிறீங்களா?"

"ரெண்டையும் சேத்தே செய்வேன்" என்று கோப்பையை வாங்கிக்கொண்டார்.

டீயைக் குடித்தபடி அரைமணி நேரம் நாங்கள் செய்வதையே பார்த்தார். ஜாக்கி வைத்துத் தண்டவாளத்தைத் தூக்கினோம். அதைத் தாங்கும் மரக்கட்டைக்கு அடியில் ஜல்லியைத் திணித்துக் கெட்டித்தோம். ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு குளிர்காலமும் இதையேதான் செய்கிறோம். கோடை பாதி போவதற்குள் அந்த இடம் மறுபடி இறங்கிவிடும். அதனால் அங்கே 'மணிக்கு ஐந்து மைல்' என்று ஒரு பலகை நட்டு, பதினோரு வருடமாக ரயிலை ஊர்ந்துபோகச் செய்துகொண்டிருந்தோம்.

மெரெரிட் கோப்பையை என்னிடம் நீட்டிவிட்டு, மண்டியிட்டு உட்கார்ந்தார். ஜல்லிக்குள் முழங்கை வரை கையை விட்டார். வெளியே எடுத்தபோது கை முழுக்கச் சாம்பல் நிறச் சேறு.

"மாட்டுக்கு வயித்துல நீர் கோத்திருக்கு. நீங்க முதுகுல தைலம் தடவிக்கிட்டு இருக்கீங்க."

சியோனெட் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் டவுனில் பல் டாக்டர். வாரம் முழுக்க மெதுவாகக் கை வைத்து அலுத்துப்போய், ஓங்கி அடிப்பதற்காகவே சனிக்கிழமை வருகிறவள்.

"தண்ணி போறதுக்குப் பாதைக்கு அடியில ஒரு குழாய் இருக்குங்க. ஆனா அது வருஷக்கணக்கா காஞ்சுதான் கிடக்கு. மேலேருந்து தண்ணியே வர்றதில்ல" என்றார் கெதின்.

"இந்த ஊர்லயா? மழை பெய்யாத நாளு இங்க எது? வராத தண்ணி எங்க போகுதாம்?"

ஒரு கடப்பாரையைத் தடிபோல ஊன்றிக்கொண்டு, அந்தக் குழாயிலிருந்து மேலே போகும் காய்ந்த ஓடை வழியே மேட்டில் ஏற ஆரம்பித்தார். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன். ஓடை எங்கள் வேலிவரை வந்தது, வேலிக்கு அடியில் நுழைந்தது, அந்தப் பக்கம் மெரெரிட்டின் சொந்தத் தோட்டத்துக்குள் போனது. அங்கே ஓடையின் வாயைக் கற்களும் புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளும் வைத்து யாரோ நேர்த்தியாக அடைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் அழகான சின்னக் குளம். குளத்தில் ஆறு வாத்துகள். கரையில் வாளியோடு அவர் கணவர் இட்வால்.

மெரெரிட் கடப்பாரை நுனியால் அந்த அடைப்பைத் தட்டினார்.

"இட்வால், இந்தக் கல்லை யாரு வெச்சது?"

"நான்தான். ஏன், நல்லா இருக்குல்ல?"

"எப்போ வெச்ச?"

"வாத்து வாங்கின வருஷம். பன்னெண்டு வருஷம் இருக்குமா? தண்ணி நிக்கலைன்னு நீதானே புலம்பின."

குளத்தில் தேங்கிய நீர் ஓடைவழி போக முடியாமல் மண்ணுக்குள் கசிந்து, நேராக எங்கள் வளைவுக்கு அடியில் வந்து கோத்துக்கொண்டிருந்தது.

மெரெரிட் நினைத்திருந்தால் என்னை முறைத்து என் வாயை அடைத்திருக்கலாம். நானும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் நேராக இறங்கி வந்து, எல்லார் முன்னாலும் தொப்பியைக் கழற்றினார்.

"என் கோப்பையை உடைச்சது உங்க ரயில் இல்ல. என் வீட்டுக்காரரு. கூட நானும். முப்பத்தெட்டு கடுதாசியையும் குடுங்க, அடுப்புல போட்டுடறேன்."

கெதின் கண்ணாடியைத் துடைத்தார். "தப்பு எங்க மேலயும் இருக்குங்க. ஓடையைப் பிடிச்சுக்கிட்டு மேல வரை ஒருநாள் நடந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

"ஏன் நடக்கல?"

"வேலியைத் தாண்டினா நீங்க கத்துவீங்கன்னு பயம்."

முதலில் சிரித்தது மெரெரிட்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கும்வரை சிரித்தார். சிரித்து முடித்ததும் மண்வெட்டியைக் கேட்டார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் ஒரு சனிக்கிழமை தவறவில்லை. மேலே தடவும் வைத்தியம் இனி வேண்டாம் என்று குழுவே முடிவெடுத்தது. வளைவில் அறுபது கஜத்துக்குத் தண்டவாளத்தைக் கழற்றி, பழைய சேற்றை முழங்கால் ஆழத்துக்கு வாரிப் போட்டோம். புதுக் குழாய் பதித்து, சுத்தமான ஜல்லி பரப்பினோம். நூறு வருடத்துக்கு முன் கல்குவாரி வண்டிகளுக்குப் போட்ட மெலிந்த தண்டவாளத்துக்குப் பதிலாகக் கனமானதை இறக்கினோம். ஓடையைத் திறந்துவிட்டதால் வாத்துகள் வீடிழந்தன. எங்கள் தோண்டும் இயந்திரத்தை ஒரு மதியம் கடன் கொடுத்து, பாதைக்குக் கீழ்ப்பக்கம் அவற்றுக்குப் பெரிய குளமே வெட்டிக் கொடுத்தோம். இட்வால் அன்றைக்கு மட்டும் எட்டுத் தரம் நன்றி சொன்னார். அந்த வருடத்தில் அவர் அதிகமாகப் பேசிய நாள் அதுதான்.

புதுத் தண்டவாளத்தை வளைப்பது லேசான வேலை இல்லை. பத்துப் பேர் கடப்பாரையோடு வரிசையாக நின்று, ஒரே மூச்சில் தள்ள வேண்டும். முதல் நாள் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் தள்ளியதைப் பார்த்து மெரெரிட்டுக்குப் பொறுக்கவில்லை.

"நிறுத்துங்க. பசு முக்கும்போதுதான் இழுக்கணும். சும்மா சும்மா இழுத்தா கயிறுதான் அறும். நான் சொல்லும்போது தள்ளுங்க."

"இங்க முக்கறது யாரு?" என்று சியோனெட் கேட்டாள்.

"நீதான். வாயை மூடிக்கிட்டு முக்கு."

அவர் "ஊம்" என்றதும் பத்துப் பேரும் தள்ளினோம். தண்டவாளம் கட்டைமேல் சறுக்கி, கெதின் சுண்ணாம்பில் போட்டிருந்த கோட்டில் போய் உட்கார்ந்தது. கெதின் அளவுநாடாவை நீட்டிப் பார்த்தார், தலையாட்டிவிட்டுச் சுருட்டினார். அதற்கப்புறம் குரல் கொடுப்பது மெரெரிட்டின் வேலையாயிற்று.

மார்ச் மாதம் பாதையைச் சோதிக்கப் பொறியாளர் ஒருவர் வந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டு, எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொன்னார். மெரெரிட் எங்களோடு பாதை ஓரத்தில் நின்றார். இட்வாலைச் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்.

"கண்ணைக் கோப்பையை விட்டு எடுக்காத. எது ஆடினாலும் வந்து சொல்லு."

எஞ்சின் நான்கு பெட்டிகளோடு வந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த வளைவில் ஊராமல், நல்ல வேகத்தில், புகை பின்னால் படுக்க வந்தது. மெரெரிட் என் கையைப் பிடித்திருந்தார், விரல் நொறுங்கியது. சக்கரங்கள் அந்த இடத்தைத் தாண்டின. தடாலென்ற சத்தமே இல்லை. ஓட்டுநர் எட்டிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

இட்வால் வரவில்லை. கால் மணி கழித்து நாங்களே உள்ளே போனோம். அவர் நாற்காலியில் கோப்பைகளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு நேரந்தான் உக்காந்திருக்கிறது? ரயிலு எப்போ வருது?"

சியோனெட் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கெதின் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார், தோள் குலுங்கியது. பொறியாளர்கூட சிரித்தார். மெரெரிட் கணவருடைய வழுக்கைத் தலையில் ஒரு முத்தம் கொடுத்தார்.

வேகப் பலகையைப் பிடுங்கும் மரியாதையை அவருக்கே கொடுத்தோம். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அசையவில்லை. சிமெண்ட் போட்டு நட்டிருந்தோம். கடைசியில் பொறியாளர் உட்பட எல்லாரும் பிடித்து இழுத்து, பலகையோடு மொத்தமாகப் புல்லில் மல்லாந்தோம். மதியம் அவர் வீட்டில் ஆட்டுக்கறியும் லீக் என்ற பெரிய வெங்காயத்தாளும் போட்ட சூப்பு. வாசலில் பதினான்கு ஜோடிச் சேற்று பூட்ஸ்.

அடுத்த சனிக்கிழமை பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை. நாற்பது கட்டைகள் உளுத்துப்போயிருந்தன. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மெரெரிட் எங்களுக்கு முன்பே வந்து, கட்டைகளைக் கடப்பாரையால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது இல்ல, கெதின். நாப்பத்தாறு. டீயைப் போடச் சொல்லுங்க."