உப்பங்கழிக்குச் சோப்புப் போட்டவன்

என்னைச் சுற்றுச்சூழல் ஆர்வலன் என்று நம்பும் நண்பர்கள் சிலர் உண்டு. நான் துணிப்பையோடு கடைக்குப் போவதும், டீக்கடையில் பிளாஸ்டிக் கோப்பையைக் கண்டால் முகத்தைச் சுளிப்பதும்தான் அதற்குக் காரணம். அவர்களிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வயதில், கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடக்கும் உப்பங்கழியில் பாத்திரம் தேய்க்கும் சோப்பை ஊற்றியவன் நான். முழுப் பாட்டில். மிகுந்த நல்லெண்ணத்தோடு.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. நாங்கள் தாம்பரத்தில் இருந்தோம். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பெருங்களத்தூரில் ஒரு டூ வீலர் பட்டறையில் தினக்கூலிக்கு வேலை பார்த்தார். பட்டறைக்கு வரும் பணக்காரர் ஒருவர் அந்த உப்பங்கழியில் வெள்ளை வெளேரென்று ஒரு பாய்மரப் படகு வைத்திருந்தார். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் டீசல் இன்ஜின். அந்த இன்ஜினைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் இரண்டு நாள் மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டார்.

எந்தப் படகானாலும் அதன் அடிவயிற்றில் தண்ணீர் சேரும். இன்ஜினிலிருந்து சொட்டும் எண்ணெய் அதில் கலக்கும். பம்பு போட்டு எல்லாவற்றையும் வெளியே இறைத்துவிடுவது வழக்கம். இறைத்த பிறகு பார்த்தால் தண்ணீர் முழுக்க வானவில் மிதக்கும். எங்களுக்கு அழகாகத்தான் இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே துழாவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு அப்படி இல்லை. அவர்களில் ஒரு அக்கா, பிடித்த இறாலை வலைப்பையில் போட்டுப் படகுத்துறையின் கட்டையில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருப்பார். சாயங்காலம் விற்கும்வரை அவை உயிரோடு இருக்க வேண்டும். அந்த அக்காதான் ஊர்க்காரர்களைத் திரட்டிக்கொண்டு வந்து முதலாளியிடம் சண்டை போட்டார்.

முதலாளி மாமாவிடம், ஏதாவது வழி செய் என்றார். மாமா இரண்டு வாரம் யோசித்தார். தலைக்குத் தேய்த்த எண்ணெய் நாலு குளியலுக்கும் போகாமல் தலையணையை நாசம் செய்கிறது என்று அம்மா திட்டியதிலிருந்து அவருக்கு வழி பிறந்தது. முடி எண்ணெயை விடாது. ஜி.எஸ்.டி. ரோட்டு சலூன்களில் ஏறி இறங்கி, வெட்டிப் போட்ட முடியை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். விக்கு வியாபாரமா என்று ஒரு சலூன்காரர் கேட்டாராம். கொசுவலைத் துணியில் அந்த முடியை அடைத்து, அம்மாவின் தையல் மெஷினில் குட்டிக் குட்டித் தலையணைகளாகத் தைத்தார். பம்பின் வாயைச் சுற்றி அவற்றைப் போட்டால் எண்ணெயை முடி பிடித்துக்கொள்ளும், தண்ணீர் மட்டும் வெளியே போகும்.

முதலாளிக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, படகு வைத்திருக்கும் தன் நண்பர்களையும் ஊர்க்காரர்களையும் கூப்பிட்டு எதிரிலேயே இறைத்துக் காட்டச் சொன்னார். எண்ணெய் தெரியாவிட்டால் மாமாவுக்கு நிரந்தர வேலை. முப்பத்திரண்டு வயதில் தினக்கூலிக்காரராக இருந்த மாமா அதன்பின் சரியாகத் தூங்கவில்லை என்று அம்மா சொன்னாள்.

வருகிறவர்களுக்கு இங்கிலீஷில் விளக்க ஆள் வேண்டும். நான் இங்கிலீஷ் மீடியம், போதாதற்குப் பள்ளியின் பசுமை மன்றச் செயலாளர். மூன்று பக்கம் மனப்பாடம் செய்தேன். 'ஒரு துளி எண்ணெய்கூட வெளியே வராது' என்பது அதில் நாலு இடத்தில் வந்தது.

அன்று காலை ஒத்திகை பார்த்தோம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வானவில் மிதந்தது. மாமா கவலைப்படவில்லை. பழைய தலையணைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட்டார், இனி அதுவும் போய்விடும் என்றார். விருந்தாளிகளை அழைத்துவரக் கிளம்பினார். அது போதுமாக இருந்திருக்கும். ஆனால் என் பேச்சில் உள்ளங்கை அகலத்துக்கு இடமில்லை.

விருந்தாளிகளின் தட்டுகளைக் கழுவ அம்மாவிடமிருந்து மாமா ஒரு சோப்புப் பாட்டிலை வாங்கி வந்திருந்தார். அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்த லிக்விட். ஒரு சொட்டில் எண்ணெய்ப் பிசுக்குக் காணாமல் போவதை எங்கள் வீட்டுச் சமையலறையில் வாயைப் பிளந்து பார்த்தவன் நான். படகின் அடிவயிற்றை மூடியிருந்த பலகையைத் தூக்கி, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தேன்.

என் பேச்சு பிரமாதமாக அமைந்தது. பம்பு ஓடியது. வானவில் இல்லை, துளி எண்ணெய் இல்லை. கொஞ்சம் நுரை மட்டும் வந்தது. கடல் பக்கம் என்றால் நுரை இருக்கத்தான் செய்யும் என்று விருந்தாளி ஒருவர் விளக்கம் சொன்னார். இறால் அக்கா குனிந்து தண்ணீரை அள்ளிப் பார்த்து, "பரவால்லபா, நல்லாத்தான் கீது" என்றார். மாமா சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முதலாளி அவர் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்திருக்கவில்லை. அக்கா வலைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து துறையில் கொட்டினார். விடியற்காலையிலிருந்து பிடித்த இறால் முழுவதும் அசையாமல் கிடந்தது. அவர் கத்தவில்லை.

"எண்ணெய்னா கண்ணுக்குத் தெரியும்பா, பையை அவுத்து அந்தாண்ட கட்டிப்பேன். இது இன்னான்னே தெரியலையே."

முதலாளி அக்காவைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு மாமாவைப் பார்த்தார். மாமா தலையைச் சொறிந்தார். சலூன் முடியில் டை அடித்த முடி கலந்திருக்கும் சார், அந்த விஷமாக இருக்கும், பார்த்து எடுத்திருக்க வேண்டும், தப்பு என்னுடையதுதான் என்றார். அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி தணிந்த குரலில், மரியாதையாகத்தான் சொன்னார்.

திரும்பும் வழியில் மாமா வண்டியை நிறுத்தி, மீதித் தலையணைகளை உப்பளத்து ஓரமாகக் குழி தோண்டிப் புதைத்தார். நாய் நக்கிவிடக் கூடாதாம். காலிப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் டையைத்தான் சபித்தேன். நாம் சாப்பிடும் தட்டைக் கழுவுவது இன்னொன்றின் உயிரை எடுக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? எண்ணெய் காணாமல் போகவில்லை, கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைந்து, முடிக்கும் பிடிபடாமல், சோப்போடு சேர்ந்து இறாலின் செவுளுக்குப் போய்விட்டது என்பதைக் கல்லூரியில் ஒரு வாத்தியார் வேறு எதையோ நடத்தும்போது போகிறபோக்கில் சொன்னார். அதைக் கேட்ட அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

அதை மாமாவிடம் சொல்ல இன்னும் பன்னிரண்டு வருடம் எடுத்துக்கொண்டேன். அதற்குள் அவர் பெருங்களத்தூரிலேயே சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்டிருந்தார். பஞ்சர், ஆயில் சர்வீஸ். யாராவது புதிதாக ஒரு யோசனை சொன்னால், நமக்கு எதுக்கு வம்பு என்று ஒதுங்கிவிடுகிறவராக மாறியிருந்தார்.

நான் சொல்லி முடிக்கும்வரை ஸ்பேனரைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"அப்ப முடி வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது மாமா."

"டை இல்ல?"

"இல்ல மாமா. சோப்புதான்."

ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு, "முடி மேல தப்பில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்பதற்காக முந்தின இரவே தயாரித்து வைத்திருந்த வாக்கியத்தை எடுத்தேன். அவர் அதற்குள், நான் அணைக்காமல் வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடா இது, இவ்ளோ பொகை வுடுது? இதுலயா தாம்பரத்துலேர்ந்து வந்தே?"