தலை நனையாத குளிப்பு

2023 ஆகஸ்ட் 16, புதன்கிழமை. நாலு இருபத்தைந்துக்கு எழுந்தேன். குளித்தேன். நாலு ஐம்பத்தைந்துக்கு சுபஹுத் தொழுதேன். ஐந்தரைக்குத் தேங்காய் துருவினேன், ஆறு மணிக்கு இடியப்பம் இறக்கினேன். ஆறே முக்காலுக்கு வெள்ளவத்தையில் பஸ் ஏறி, ஏழு பத்துக்கு ஹெவ்லொக் டவுனில் நான் எழுதுவினைஞராக இருக்கும் பாடசாலையில் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைய டயரியில் இப்படித்தான் எழுதியிருந்தேன். மாலையில் 'குளித்தேன்' என்ற சொல்லை மட்டும் வெட்டினேன். அது பொய்.

என் முதல் கணவர் மவுத்தாகி ஏழு வருடம் கழித்து, என் ஐம்பதாவது வயதில், இரண்டாம் நிக்காஹ் செய்தேன். அவர் மனைவியை இழந்தவர், காலி வீதியில் ஒரு புடைவைக் கடையில் வேலை. எங்கள் வழக்கப்படி வீட்டை மகளின் கலியாணத்துக்கே அவள் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆகவே நானும் என் கணவரும் மேல்மாடி அறையில் இருந்தோம். வீட்டுக்காரி மகள். குளியலறை ஒன்றுதான், கீழே, அவளுடைய அறைக் கதவைத் தாண்டி.

மகள் அவரை வாப்பா என்றோ சாச்சா என்றோ ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. 'அந்த மனிசன்' என்பாள். அதைப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது அவள் என் தலையைப் பார்த்த பார்வை. கணவனும் மனைவியும் சேர்ந்திருந்தால் குளிப்பு கடமையாகிறது. தலைமுடியின் அடிவரை தண்ணீர் போக வேண்டும். அதன் பிறகுதான் தொழுகை. சுபஹுக்கு முன் குளித்த நாட்களில் என் முடி ஏழு மணிக்கும் ஈரமாகவே இருக்கும். மகள் தேநீரை ஊதி ஊதிக் குடித்தபடி என் தலையைப் பார்ப்பாள். பிறகு புருஷனிடம், எனக்குக் கேட்கும்படி, "நேத்து மழையா பெஞ்ச?" என்பாள்.

வீட்டுக்குள்ளும் ஸ்கார்ப் கட்டத் தொடங்கினேன். அதற்கும் விடவில்லை.

"யாருக்கு உம்மா மறைக்கிறீங்க? நாங்கதானே ஈக்கிறோம்."

அந்தப் புதன்கிழமை விடியற்காலையில் நான் செய்ததை எந்த முஸ்லிம் பெண்ணிடமும் சொல்ல வாய் வராது. சந்தைக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் ஷொப்பிங் பையைத் தலையில் போட்டு, நெற்றியில் ரப்பர் பேண்டால் இறுக்கி, கழுத்துக்குக் கீழே மட்டும் தண்ணீர் ஊற்றினேன். அது குளிப்பாகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே போய்த் தொழுகைப் பாயில் நின்றேன். முடி காய்ந்திருந்தது. மகள் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

பாடசாலையில் நண்பகல் லுஹருக்கு டீச்சர்மார் தொழும் அறைக்குப் போனார்கள். நான் போகவில்லை. சுத்தமில்லாத உடம்போடு இன்னொரு தொழுகைக்கு நிற்க எனக்குத் துணிவில்லை. வரவுப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் மீது எனக்கு வந்த கோபம் நல்ல கோபமல்ல. அவளைப் பெற்றதையே நொந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி. முதலில் குளித்துவிட வேண்டும் என்றுதான் வந்தேன். ஹோலில் மகளின் மாமியார் உட்கார்ந்திருந்தார், கொட்டாஞ்சேனையிலிருந்து பேரனைப் பார்க்க வந்தவர். சலாம் சொல்லிவிட்டு மேலே போய், துவாயுடன் இறங்கினேன்.

"பாத்தீங்களா மாமி?" என்றாள் மகள். "எங்கட உம்மாக்குக் கிழமையில மூணு வெள்ளிக்கிழமை வருது." ஜும்ஆ நாளில் தலைக்குக் குளிக்கும் வழக்கத்தைச் சொல்லிக் குத்தினாள்.

மாமியார் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார். "விடுங்க மகள். புதுப் பொண்ணுதானே."

நான் நின்றேன்.

"ஏன் ராத்தா, உங்கட வீட்டுல யாரும் குளிக்கிறல்லியா?" என்று மாமியாரிடம் கேட்டேன். அவர் சிரிப்பை விழுங்கினார். பிறகு மகளைப் பார்த்தேன். "உன்ட தலை காயிறத நான் எண்டைக்காவது எண்ணிக்கிட்டு ஈந்தேனா?"

"வெட்கமா ஈக்கி உம்மா! என்ட மாப்பிள்ளைட மூஞ்சியப் பாக்கேலா எனக்கு. வாப்பா ஈந்த வீடு இது."

"உன்ட வாப்பா ஈக்கக்குள்ளயும் இங்கதான் குளிச்சன். நீ பொறக்க முந்தியும் குளிச்சன், பொறகும் குளிச்சன்."

"இது என்ட வீடு!"

"ஓம். எழுதித் தந்தது நான்தான். தண்ணியையும் சேத்து எழுதித் தரல்ல." என் குரல் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். "இண்டைக்கு சுபஹுக்கு உனக்குப் பயந்து தலையில பேக்கைக் கட்டிக்கிட்டுக் குளிச்சன். அப்பிடியே தொழுதன். அந்தத் தொழுகைக்கு அல்லாஹ்ட்ட நீ பதில் சொல்லுவியா?"

மாமியார் "அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று பாவமன்னிப்புக் கேட்டார். அது எனக்கா, மகளுக்கா என்று நான் கேட்கவில்லை.

பையைக் கட்டியது என் கை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று மகளின் முகம் சுருங்கியதைப் பார்த்து நான் இரங்கவில்லை.

குளித்தேன். முடியைத் துவட்டாமல் முதுகில் விரித்துப் போட்டுக்கொண்டு, இருவருக்கும் நடுவே நடந்து மேலே போனேன். தரையில் சொட்டியது. துடைக்கவில்லை. சுபஹையும் லுஹரையும் நிறைவேற்றினேன். பாங்கு சொன்னதும் அஸர் தொழுதேன்.

எட்டு மணிக்குக் கணவர் கடையிலிருந்து வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கழற்றிய காலுறையைச் சுருட்டிச் சப்பாத்துக்குள் வைத்தார்.

"எனக்காக மகளோட பகைக்க வாணாம். முகத்துவாரத்துல நம்ம கடைத் தம்பி ஒருத்தன் வாடகை வீடு ஒண்டு சொன்னான். போவமா?"

"போற நாளையில போவம்," என்றேன். "குளிச்சதுக்காகப் போக மாட்டேன்."

மகள் அன்றிரவு சாப்பிடக் கூப்பிடவில்லை. நாங்களும் இறங்கவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டு, அவர் பக்கத்தில் படுத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. நாலு இருபத்தைந்துக்கு எழுந்தேன். குளிப்பு கடமையாகியிருந்தது. படியில் விளக்கைப் போட்டு, செருப்புச் சத்தத்தோடு இறங்கி, மகளின் கதவைத் தாண்டினேன். குழாயை முழுவதும் திறந்து வாளியை நிரப்பினேன். மனதில் நிய்யத் வைத்து, கை முகம் கால் கழுவி ஒளுச் செய்து, தலையில் மூன்று தடவை ஊற்றி, விரல்களால் முடியின் அடியைக் கோதினேன்.