சுவர் அசையாத நாள்

கலா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி, ஐஸ் கொண்டுவந்த வண்டிக்காரர் வழியாகத்தான் எங்களுக்கு வந்தது. சென்னை ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இறங்கவே இல்லையாம். ஊரே நைனா என்று கூப்பிடும் என் அப்பா "பாவம்" என்று சொல்லிவிட்டு, மீனுக்கு ஐஸ் உடைக்கிற மிஷினைப் போட்டார். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, பயந்துகொண்டே ஊர்க்காரர்களான உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அக்கா கல்லூரியில் லேசர் ஆராய்ச்சி செய்தவர். எங்கள் மிஷின் கொட்டகைக்குப் பின்னால்தான் அவர் வீடு. அந்த வரிசையில் எல்லாச் சுவர்களிலும் விரிசல். மிஷினின் அதிர்வுதான் காரணம் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அளந்து காட்டுவதற்காக விரல் நீள லேசர் ஒன்றைக் கொண்டுவந்தார். சுவரில் பட்ட வெளிச்சத்தில் ஒரு துளி திரும்பி வந்து, புறப்பட்ட லேசருக்குள்ளேயே கலக்கும். சுவர் அரை அலைநீளம் நகர்ந்தாலே உள்ளே வெளிச்சம் ஒருமுறை ஏறி இறங்கும்; அது கம்ப்யூட்டர் திரையில் கோடாக ஆடும். மிஷின்காரர் மகள் என்று ஒதுக்காமல், என்னையும் திரைக்கு முன்னால் உட்காரவைத்துக் காட்டினார்.

பக்கத்து வீட்டு மேரி அத்தை உதவுவதாக நினைத்து, சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டிவிட்டார். கோடுகள் தாறுமாறாக ஆடின. அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இவ்ளோ வேணாம் அத்தே. கொஞ்சூண்டு திரும்பி வந்தா போதும். நெறைய வந்தா இதுக்குப் பைத்தியம் புடிச்சிடும்."

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அளந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது.

"ஐஸ் போட்டாச்சா நைனா?" என்று அக்கா வெளியிலிருந்து கேட்டார்.

"போடாம ஓட்டுவாங்களாம்மா?"

கோடு கிட்டத்தட்ட நேராகக் கிடந்தது. "இன்னாம்மா, உன் லைட்டு தூங்கிடுச்சா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தீர்கள். நான் கொட்டகைக்குள் இருந்தேன். மிஷின் வெறுமனேதான் ஓடியது; அதில் ஒரு துண்டு ஐஸ்கூட இல்லை.

"சுவரு இன்னா பண்ணுச்சோ, அதத்தான் இது சொல்லும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா ஒயரைச் சுருட்டினார். அதன் பிறகு அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் நான் வேறு தெருவில் போனேன். அந்த மிஷின் போடும் சோற்றைத்தான் நான் தின்கிறேன். ஊரில் அவரைப் பொய்க்காரி என்று பேசும்போதும் தின்றேன். அதை நினைத்தால் கூசுகிறது.

லேசர் அவர் அம்மாவிடம் இருக்கிறது. அதைச் சுவருக்கு நேராக எப்படி நிறுத்துவது என்பதுதான் அக்கா எனக்கு விட்டுப்போனது. அவர் அம்மா கொடுத்தால், மிஷின் நிறைய ஐஸ் அரைபடும்போது நான் அளந்து காட்டுகிறேன். இதை எழுதியது யார் என்று நைனா கேட்டால், என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.