ஜெராக்ஸ் கடையில் இருந்த நீல ஃபைல்

இல்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல்தான் இருந்தார். நாற்பத்தொரு வயது. நேற்று காலை கடை ஷட்டரைப் பாதி தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் ஏற்றும்போதே முடிந்துவிட்டதாம்.

பாலமுருகன் அண்ணன். பழங்காநத்தத்தில், எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை.

முந்தின நாள் சாயங்காலம்கூடப் பேசினேன். "வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன் மேடம்" என்றார்.

இன்றுதான் அந்த வியாழன்.

முதலில் அவரோடு சண்டை போடத்தான் போனேன். ஜோதி என் வரலாற்று வகுப்பு மாணவி. (பெயரை மாற்றியிருக்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) தேர்வில் இரண்டு வரிக்கு மேல் எழுதமாட்டாள். அதிலும் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும். அப்படிப்பட்டவள் பெயரில் ஆறு பக்க அசைன்மென்ட். டைப் செய்தது. பிழையே இல்லை.

பூஜ்யம் போட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனேன்.

"ஏண்ணே, பிள்ளைகளுக்கு நீங்களே எழுதிக் குடுக்கிறீங்களா?"

"நான் பத்தாப்பு மேடம். கண்மாய்ப் பாசனத்தப் பத்தி எனக்கு என்ன தெரியும்? அந்தப் புள்ள சொல்லுச்சு, நான் அடிச்சேன்."

நான் நம்பவில்லை. ஜோதியும் அப்போது கடையில்தான் நின்றாள். "ஏத்தா, அந்த மடை விவகாரத்த மேடத்துக்கும் சொல்லு" என்றார்.

மிஷினில் சாய்ந்துகொண்டு சொன்னாள். கொட்டாம்பட்டிப் பக்கம் அவள் ஊர். எந்த மடையை யார் திறப்பது, எந்த வருடம் யார் திறக்க விடவில்லை... இருபது நிமிடம். நடுவில் கரண்ட் போனது. அவள் நிறுத்தவில்லை.

மறுநாள் மார்க்கைத் திருத்தினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை.

நீல ஃபைலை அப்புறம்தான் காட்டினார். வாயால் நன்றாகச் சொல்லிவிட்டு, எழுத உட்கார்ந்தால் திணறுகிற பிள்ளைகள். அவர்கள் நோட்டைக் கொண்டுவந்தால், அவர்களிடம் கேட்டுக்கொண்டு ஒரு காப்பி கூடுதலாக எடுத்து வைத்திருந்தார். அட்டையில் மார்க்கரால் 'பேசுறவங்க' என்று எழுதியிருந்தது.

"எதுக்குண்ணே இது?"

"யாராவது ஒருநா கேப்பாங்கன்னு வச்சிருக்கேன் மேடம்."

போன மாதம் ஜோதியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் கேட்டார். ஜோதிக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க, அவள் பழைய எழுத்தெல்லாம் வேண்டுமாம். குறைபாடு இருந்தால் சர்டிபிகேட் தருவார்கள். அதைக் காட்டினால் பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதலாம். அந்த சர்டிபிகேட்டை நாளைக்குள் கல்லூரியில் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே நாலு அரியர். இந்த முறையும் போனால் படிப்பை நிறுத்திவிடுவதாக வீட்டில் முடிவு.

பரிசோதனைக்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்டதற்கு, அவள் அப்பா கடை வாசலில் நின்று கத்தினார். "எம்மகளுக்கு என்ன, கிறுக்கா?"

"அண்ணே, உங்க மக சொல்றத அடிச்சு அடிச்சு என் வெரலு ஒளையுது. அம்புட்டு வருது. பேப்பர்ல ரெண்டு வரிதான் வந்து சேருது. நடுவுல எங்க போகுதுன்னு டாக்டரு பாக்கட்டும்ணே."

அப்பா சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். பிறகு, "கையெழுத்து எங்க போடணும்?" என்றார்.

நேற்று சாயங்காலம் அவனியாபுரத்தில் பாலமுருகன் அண்ணன் வீடு. எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஃபைல் கடைக்குள் இருக்கிறது என்ற நினைப்பு மட்டும்... சீ என்று இருந்தது. கேட்கவில்லை.

அவர் மனைவிதான் என் கையைப் பிடித்தார்.

"நாளைக்குத்தான மேடம் அந்தப் புள்ளைக்கு ஆஸ்பத்திரி? நேத்துக்கூட அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு."

என் கையில் வைத்தது கடைச் சாவி.

பாலமுருகன் அண்ணே... வாரேன்னு சொன்னீங்களேண்ணே.

இன்று காலை ஷட்டரைப் பாதிதான் தூக்க முடிந்தது. குனிந்து உள்ளே போய் ஃபைலை எடுத்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தா. டோக்கன் பதினேழு. பதினாறு இப்போது உள்ளே போயிருக்கிறது.

ஜோதியின் பக்கங்களை மட்டும் தனியாக எடுத்து, பழையது மேலே வரும்படி அடுக்கி, அவள் கையில் கொடுத்தேன்.