எண்ணெய் ஒழுகிய காரும் கொழுந்து லாரியும்

நேற்றுக் காலை, மாடிவீட்டின் கீழே காவலுக்கு இருக்கும் ஐயா என்னை மறித்தார். "மிஸ், உங்க கார்ல ஒயில் விழுது, பாருங்க" என்று தரையைக் காட்டினார். வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக்காரர்கள் வாகனம் நிறுத்தும் தரையைச் சமையல் மேடை மாதிரி வைத்திருப்பவர்கள். அதில் சில்லறைக் குற்றிக்காசு அளவில் சில கறுப்புப் பொட்டுகள். குனிந்து விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். ஐம்பதை நெருங்கும் டீச்சர் ஒருத்தி கார்த் தரையைத் தொட்டு மோந்து பார்ப்பதை அவர் இதற்குமுன் கண்டிருக்கமாட்டார். என்ன செய்ய, எங்கள் வீட்டுப் பழக்கம் அது.

அந்த மணம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. சூடான இரும்பில் எண்ணெய் விழுந்து கருகும் மணம். தொண்ணூறுகளின் கடைசியில், அக்கா கல்யாணம் நிச்சயமான பிறகு, எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான் மணத்தது. அப்பாவின் சட்டை, அம்மா துவைத்த மற்றத் துணிகள், பிளேன்டீயில்கூட அந்த மணம் இருந்ததாக எனக்கு நினைப்பு. சாம்பிராணி போட்டால் இரண்டும் கலந்து இன்னும் மோசமாகும்.

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அப்பா கிளாக்கர். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் பிறந்து, தோட்டத்து ஆபீசில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர். அதன் அடையாளமாக ஒரு பழைய இங்கிலாந்துக் காரை வாங்கினார். அது அவரைவிட வயதில் மூத்தது என்று அம்மா சொல்வார். நிறம் சாம்பல் என்று பதிவில் இருந்தது. நாங்கள் பார்த்தபோது என்ன நிறம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

குளிர்ந்த காலைகளில் அது தானாக ஸ்டார்ட் ஆகாது. ஆகவே எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வது போல, மூக்கைக் கீழே சாய்த்துச் சரிவில் நிறுத்திவைப்போம். காலையில் சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லை எடுத்தால் உருளும். உருள உருள கியரைப் போட்டால் இருமிக்கொண்டு எழும்பும். மட்டமான தரை எங்கள் வீட்டுக்கு முன்னால் இல்லை. தோட்டத்திலேயே மட்டமான தரை என்றால் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களமும் பெக்டரி முற்றமும்தான்.

கார் எண்ணெய் ஒழுகத் தொடங்கியது அக்காவின் நிச்சயத்துக்குப் பிறகு. சாதாரண நாளாக இருந்திருந்தால் அப்பா அதைப் பெரிதாக எடுத்திருக்கமாட்டார். ஆனால் வட்டவளையில் மாப்பிள்ளை தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். அங்கே அக்கா அந்தக் காரில்தான் போகவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அந்தக் காலத்தில் தோட்டத்துக் கல்யாணம் என்றால் தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையிடம் கேட்டு, பறித்த இலை ஏற்றும் கொழுந்து லாரியை இரவல் வாங்குவார்கள். பொண்ணு முன் சீட்டில், சொந்தபந்தம் பின்னால் நின்றுகொண்டு. அம்மாவையும் அப்பா அப்படித்தான் அழைத்து வந்தார். கூறைச்சேலையில் கொழுந்துக் கறை பட்டுவிட்டது. அம்மா அதை மறந்துவிட்டார், அப்பா மறக்கவில்லை.

"என் புள்ள கொழுந்து லாரியில போகமாட்டா" என்பார்.

"எனக்கு ஒரு கொறையும் தெரியலங்க. பாட்டும் கூத்துமா ஜோராத்தான் வந்தோம். நீங்கதான் இன்னும் அதையே புடிச்சிக்கிட்டு இருக்கீங்க" என்பார் அம்மா.

ஞாயிறு தோறும் பழுதுபார்ப்பு. அப்பா காருக்கு அடியில், நான் டோர்ச் லைட்டோடு பக்கத்தில். அப்போது நான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிது. திங்கட்கிழமை நகத்தில் கரியோடு போய்ப் பிள்ளைகளின் நகச் சுத்தம் பார்த்தேன். முதலில் சவுக்காரத்தைப் பிசைந்து ஒழுகும் இடத்தில் அப்பினோம். இரண்டு மூன்று நாள் தாங்கியது, நுரையும் வந்தது. பிறகு எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, பெக்டரியில் தேயிலை அடைக்கும் பையின் தடித்த தாளை வெட்டி, தொட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையில் கேஸ்கட்டாக வைத்தோம். கடையில் விற்கும் கேஸ்கட்டைவிட அது நல்லது என்பது எங்கள் பக்கத்துத் தீராத நம்பிக்கை. ஒழுகுவது நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அப்பா எஞ்சினுக்குள் இறங்கியிருக்கும் அளவுக் குச்சியை இழுத்து எண்ணெய் மட்டம் பார்ப்பார். குறைவாகவே இருக்கும். "எவ்வளவு குடிக்குது பாரு" என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்.

கொழுந்து லாரி ஓட்டும் தங்கராசு அண்ணன் அந்த வழியே போகும்போது நிறுத்தாமல் போகமாட்டார். "கிளாக்கரய்யா, எதுக்கும் லாரி முன் சீட்ட தொடச்சு வச்சிருக்கேன்" என்று தலையை நீட்டிச் சொல்வார். அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அப்பாவின் முகம்தான் சுருங்கிவிடும். எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருக்கும், கொஞ்சம் சிரிப்பும் வரும்.

கல்யாணம் நெருங்கியதும் பந்தலுக்குக் கம்பும் தகரமும் எங்கள் வீட்டுச் சரிவில் வந்து இறங்கின. காருக்கு இடமில்லை. அப்பா அதைப் பெக்டரி முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். மறுநாள் காலை வழக்கம்போல எண்ணெய் டின்னோடு போனோம். குச்சியை இழுத்தார். துடைத்துவிட்டு மறுபடி இறக்கி இழுத்தார். எண்ணெய் இருக்கவேண்டிய கோட்டைத் தாண்டி, ரொம்பவும் மேலே ஏறி நின்றது.

அப்பா முற்றத்துத் தரையைப் பார்த்தார், பிறகு திரும்பி எங்கள் வீட்டுச் சரிவைப் பார்த்தார். சரிவில் நின்றால் எண்ணெய் முன்பக்கம் ஓடிவிடும், குச்சி இறங்குவது பின்பக்கம். நிச்சயத்திலிருந்து காரைக் கல்யாணத்துக்குத் தயார் பண்ணுகிறோம் என்று மட்டமில்லாத தரையில் மட்டம் பார்த்து, இல்லாத குறைக்கு ஊற்றி ஊற்றி, எஞ்சின் மூச்சு முட்டிப் போய் கண்ட இடத்திலும் கக்கியிருக்கிறது. ஏற்றமும் இறக்கமுமாகவே வாழ்ந்த குடும்பத்துக்குத் தரை மட்டமா என்று பார்க்கத் தோன்றவில்லை.

"நாமதான் ஊத்தியிருக்கோம்" என்றார் அப்பா.

கோட்டுக்கு மேல் நின்ற எண்ணெயை இறக்கினோம். அடியில் தேயிலைப் பைத் தாளை விரித்துவைத்தோம். ஒரு சொட்டு இல்லை. கல்யாணத்துக்கு முந்திய நாள் அப்பா அந்த வெறும் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினார். அம்மா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னங்க, ஒண்ணும் இல்லியே" என்றார். "அதத்தான் காட்டுறேன்" என்றார் அப்பா. நாளைக்குத் தோட்டமே பார்க்கட்டும் என்று அவர் நினைத்திருப்பார். அன்று அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் பிறகு அதிகம் கண்டதில்லை.

கல்யாணத்தன்று அக்கா பின் சீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில். பின்னால் கொழுந்து லாரியில் முழுத் தோட்டமும், தப்பு மேளமும் பாட்டும் சிரிப்புமாக. கார் அன்றைக்கென்று பறந்தது. ஏற்றத்தில் லாரி பின்தங்கியது. கொட்டகலை தாண்டும்போது பாட்டுச் சத்தமே இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும். அக்காவின் கை என் கையைப் பிடித்திருந்தது. சில்லிட்டிருந்தது.

"அப்பா, லாரி எங்க?"

"வரும்மா."

"பாட்டுச் சத்தம் கேக்கலியே. என்னமோ நாம மட்டும் தனியா போற மாதிரி இருக்குப்பா."

அப்பா கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். அக்கா அழுதுகொண்டிருந்தாள். அடுத்த வளைவில் தரை மட்டமாக இருந்த ஓரத்தில் காரை நிறுத்தி, இறங்கி, முன்மூடியைத் திறந்தார். மறுபடி ஒழுகுகிறதோ என்று நினைத்தேன். நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். அப்பா கையில் குச்சி. எண்ணெய் கோட்டில் சரியாக நின்றது. எஞ்சின் துடைத்த மாதிரி காய்ந்திருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை.

லாரி வந்து நின்றது. தங்கராசு அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்னங்க கிளாக்கரய்யா, மறுபடியும் ஒழுகுதா?"

"ஆமாப்பா" என்றார் அப்பா. "நிப்பாட்டி நிப்பாட்டித்தான் போகணும். நீ விட்டுராம பின்னாலேயே ஒட்டி வா."

லாரியே குலுங்கிச் சிரித்தது. யாரோ கிளாக்கரய்யா காரைப் பற்றி அங்கேயே பாட்டுக் கட்ட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினார்கள். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வட்டவளை வரைக்கும் லாரி பின்தங்கும்போதெல்லாம் அப்பா நிறுத்தினார். குச்சியை இழுத்தார், துடைத்தார், தலையை ஆட்டினார். நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஐயர் வாசலிலேயே நின்றார்.

இப்போது அக்கா லண்டனில். காரை இரும்புக்குப் போட்டாயிற்று. தோட்டத்தில் கல்யாணத்துக்கு யாரும் லாரி கேட்பதில்லை. வேன் பிடிக்கிறார்கள், கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள், பாட்டை டிரைவர் போடுகிறார். எங்கள் வீட்டுச் சரிவைக்கூட வெட்டி மட்டமாக்கிக் கல் பதித்திருக்கிறார்கள்.

அப்பா செத்த வீட்டுக்குத் தங்கராசு அண்ணன் வந்திருந்தார். வெகு நேரம் பெட்டிப் பக்கத்தில் நின்றுவிட்டு என்னிடம் வந்தார். "தங்கமான மனுசன், டீச்சரம்மா. அந்தக் கார் ஒழுகுறத மட்டும் கடைசி வரைக்கும் அவரால சரி பண்ண முடியல."

அப்பாவும் ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை.

"ஆமாண்ணே" என்றேன். "ஒழுகிக்கிட்டேதான் இருந்துச்சு."